பம்ப்பிலயே பால் எடுத்துக் குடுக்கிற அம்மாமார், உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ

வெள்ளவத்தை, மகளுக்கு 11 மாதம்

மகள் பிறக்கேக்கையே மேலண்ணத்தில பிளவு. உறிஞ்சிக் குடிக்க அவளால ஏலாது. ஒப்பரேஷன் ஒரு வயதை ஒட்டித்தான் எண்டு டொக்டர் சொன்னார். அதுவரைக்கும் என்ர பாலைத்தான் குடுக்கிறதெண்டு அண்டைக்கே நினைச்சிட்டன். பம்ப்பைப் பற்றி ஒண்டும் தெரியாது. இப்ப அதே இடத்தில நிக்கிற ஆராவது இருந்தா, அவைக்காகத்தான் இதை எழுதுறன்.

முதல் வாங்கினது ஒரு பக்கம் மட்டும் எடுக்கிற சின்ன மெஷின். எப்பவாவது ஒரு போத்தல் எடுத்து வைக்கிறவைக்கு அது காணும். எனக்கு நாளுக்கு 8 தரம், பக்கத்துக்கு 20 நிமிஷம். கணக்குப் பாருங்கோ, அஞ்சு மணித்தியாலத்துக்கு மேல கதிரையிலயே போச்சு. ரெண்டு பக்கமும் ஒண்டா எடுக்கிற டபுள் பம்ப்புக்கு மாறினாப்பிறகுதான் பிள்ளையை மடியில வைச்சுக் கொஞ்ச நேரம் கிடைச்சது. மாதக்கணக்கா எடுக்கப்போறீங்களெண்டா முதல்லயே அதை வாங்குங்கோ.

ஆனா என்னை அழவைச்சது மெஷின் இல்லை, மார்பில பொருத்துற புனல். பெட்டிக்குள்ள வந்ததில காம்பு போற வழி 24 மில்லிமீற்றர். "எல்லாருக்கும் இதுதான் சரி" எண்டு கடையில சொன்னவை. ஒவ்வொரு முறையும் காம்பைச் சுத்தியிருக்கிற கறுத்தத் தோலும் சேந்து உள்ளுக்குப் போய், கழட்டேக்கை வெள்ளையா ஒரு வளையம் விழுந்திருக்கும். பால் காணாதெண்டு இழுவையைக் கூட்டினன். நோவெடுத்தா பால் இறங்கிறது தடைப்படும் எண்டு அப்ப தெரியாது. அம்மா பால் சுரக்கட்டுமெண்டு சுறாப்புட்டும் உள்ளிக்குழம்பும் எண்டு சளைக்காமச் சமைச்சுத் தந்தா. பிழை இருந்தது புனலில.

கிளினிக்கில ஒரு நர்ஸ்தான் சின்ன அடிமட்டத்தால அளந்து பாத்தா. காம்பின்ர குறுக்களவு மட்டும், சுத்தியுள்ள கறுப்பைச் சேர்க்காம. 16 மில்லிமீற்றர். புனலுக்குள்ள வைக்கிற சிலிக்கன் வளையம் ஒண்டு போட்டு 19க்குக் குறைச்சன். முதல் தரமே நோவில்லாமப் பால் ஓடினதைப் பாத்து அப்பிடியே இருந்து அழுதன்.

இன்னொண்டு, வாத்துச் சொண்டு மாதிரி இருக்கிற அந்த வெள்ளை வால்வ். அதின்ர நுனி வெடிப்பு மூடாம விரிஞ்சிட்டுதெண்டா மெஷின் எவ்வளவு நல்லதெண்டாலும் இழுக்காது. ஒண்டு ரெண்டு மாதத்தில மாத்தவேண்டி வரும். அதால மெஷினை வாங்கமுதல் அதின்ர வால்வ் கொழும்பில எடுக்கலாமோ எண்டு கேளுங்கோ. நான் விலையை விட இதைத்தான் முதல் பாப்பன். மோட்டருக்குப் போற குழாய்க்குள்ள பால் ஏறாமத் தடுப்பு உள்ள மெஷினாவும் இருக்கவேணும். எங்கட புழுக்கத்துக்குக் குழாய்க்குள்ள ஈரம் நிண்டா பூஞ்சணம் பிடிக்கும்.

கொட்டாஞ்சேனை, மகன் குறைமாதத்தில பிறந்தவன்

நான் எடுத்தது 2022இல. மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம இருந்த நாள் ஞாபகம் இருக்கும்தானே. என்ர மெஷின் கரண்டில மட்டும் வேலை செய்யிறது. விடிய 3 மணிக்கு, மெழுகுதிரி வெளிச்சத்தில கையால பிழிஞ்சு எடுத்தன். அந்த நேரத்தை விடவும் மனமில்லை, ராவில எடுக்கிறதுதான் பாலைக் குறையாம வைச்சிருக்கும். அதால நான் சொல்லுறது: பற்றரி உள்ளதை வாங்குங்கோ. ஸ்பெக்ட்ரா எண்ட கொம்பனியின்ர பம்ப்பில எஸ்1க்குப் பற்றரி இருக்கு, எஸ்2க்கு இல்லை. கையால எடுக்கிறதையும் மிட்வைஃப் மிஸ்ஸிட்டப் பழகி வையுங்கோ.

கோட்டையில வேலை, மகளுக்கு 7 மாதம்

சட்டைக்குள்ள வைக்கிற கப் பம்ப் ஒண்டு ஒஃபிசுக்கெண்டு வாங்கினன். வசதிதான், ஆனா எனக்கு அது முழுசா எடுக்கேல்லை. மார் கல்லா இறுகி ஒருக்காக் காய்ச்சலும் வந்தது. இப்ப காலமையும் ராவும் பெரிய மெஷின், மத்தியானம் மட்டும் கப். எடுத்த பாலை நேர ஐஸ் பெட்டிக்குள்ள வைச்சிடுவன். வெளியில 4 மணித்தியாலம் வைக்கலாம் எண்டு சொல்லுறது 25 பாகைக்குள்ளதான், எங்கட வெக்கைக்கு அது சரிவராது. பிரிட்ஜில எண்டா 4 நாள்.

தெகிவளை, பிள்ளை வயித்தில, இப்ப 8 மாதம்

அக்கா, கனடாவில இருக்கிற மச்சாள் தன்ர பழைய டபுள் பம்ப்பைத் தாறன் எண்டுறா. வாங்கலாமே?

வெள்ளவத்தை

தங்கச்சி, தடுப்பு உள்ள மெஷின் எண்டா மட்டும் வாங்குங்கோ. தடுப்பில்லாட்டி மோட்டருக்குள்ளயே மற்ற ஆளின்ர பால் போயிருக்கும், அதைக் கழுவ ஏலாது. புனல், குழாய், வால்வ் எல்லாம் புதுசாப் போடுங்கோ. அடப்டரில என்ன அச்சடிச்சிருக்கெண்டு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. 100-240 வோல்ற் எண்டிருந்தா இங்கத்தைய கரண்டுக்குச் சரி. 120 எண்டு மட்டும் இருந்தா செருகாதேங்கோ, எரிஞ்சுபோம். பிள்ளை பிறந்து பால் இறங்கினாப்பிறகு அளந்திட்டுச் சொல்லுங்கோ. என்னட்டப் பாவிக்காத 21 அளவுப் புனல் ஒரு சோடி பெட்டி உடைக்காமக் கிடக்கு.