நெல் குவியல் நனையும்போது தலைவரின் மீன் குழம்பு நமக்கு எதற்கு?

மன்னார்குடி விவசாயி:
மூன்று மா நிலத்துக் குறுவை நெல்லை அறுத்து அரசுக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டி ஒன்பது நாள் ஆகிறது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்கள். பகலெல்லாம் விரித்துக் காயவைக்கிறேன். மேகம் கறுத்தால் தார்ப்பாய் போட்டு மூடுகிறேன். நேற்று இரவு காவல் இருந்தபோது கைப்பேசியில் ஒரு தலைவரின் பேட்டி ஓடியது. காலையில் டிகிரி காபி, மதியம் விரால் மீன் குழம்பு, அதுவும் மண்சட்டியில் வைத்தால்தான் இறங்குமாம். பக்கத்துக் குவியல்காரர் எட்டிப் பார்த்து, “விரால் கிலோ என்ன விலையாம்?” என்றார். எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் கடைசிவரை பார்த்தேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். ஊரே தவிக்கும் நேரத்தில் தலைவர்கள் இதையெல்லாம் பேசலாமா?

கும்பகோணம் ஓய்வுபெற்ற ஆசிரியர்:
தம்பி, 2019 டிசம்பரில் வெங்காயம் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியிருந்தது. அப்போது நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன், தாம் வெங்காயம், பூண்டு அதிகம் சாப்பிடுவதில்லை என்று மக்களவையில் சொன்னார். குறுக்கே பேசிய ஓர் உறுப்பினருக்குச் சொன்ன பதில் அது. இறக்குமதி, இருப்பு வரம்பு பற்றியும் அன்று பேசினார். என் மனைவிக்கு அந்த ஒரு வரி மட்டும்தான் நினைவிருக்கிறது. அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் வெங்காய சாம்பார் கிடையாது, முள்ளங்கிதான். எனக்கு முள்ளங்கி பிடிக்காது என்று நான் வாயைத் திறக்கவில்லை.
ஒன்று கேட்கிறேன்: அந்தப் பேட்டியில் நெல்லைப் பற்றி ஏதாவது கேட்டார்களா?

பேராவூரணி தென்னந்தோப்புக்காரி:
அண்ணே, நான் மாற்றித்தான் சொல்வேன். 2018 நவம்பர் 16 விடியும் முன்னே கஜா புயலில் எங்கள் தோப்பு படுத்துவிட்டது. பிறகு வைத்த கன்றுகள் இப்போதுதான் காய்க்கின்றன. பேராவூரணித் தேங்காய் அரைத்த குழம்புதான் பிடிக்கும் என்று எந்தத் தலைவராவது சொல்லி, காய்க்கு இரண்டு ரூபாய் கூடக் கிடைத்தால், அவர் தினமும் பேட்டி கொடுக்கட்டும்.

திருவையாறு வாசகர்:
1965இல் உணவுப் பஞ்சத்தின்போது அன்றைய பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை உணவை விடச் சொன்னார். நெல் விளைகிற எங்கள் ஊரில்கூடத் தாத்தா திங்கட்கிழமை இரவு மோர் மட்டும் குடித்துப் படுப்பாராம். அதுவும் தலைவர் தம் சாப்பாட்டைப் பற்றிப் பேசியதுதானே?

மன்னார்குடி விவசாயி:
ஐயா கேட்டதற்காக மறுபடி போட்டுப் பார்த்தேன். கேட்டிருக்கிறார்கள். “பரிசீலனையில் இருக்கிறது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். குழம்புக்கு நான்கு நிமிடம், புளி எந்த ஊர்ப் புளி என்பது வரை. சாஸ்திரி கதையைக் குவியல்காரரிடம் சொன்னேன். “நாம் இந்த ஒன்பது நாளாக எத்தனை வேளை விட்டிருக்கிறோம்?” என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். தங்கச்சி, தேங்காய்க்கு விலை ஏறினால் எனக்கும் சொல்லுங்கள். கிழக்கே கறுக்கிறது, தார்ப்பாய் இழுக்கப் போகிறேன்.