4294967295 ஏன் இவ்ளோ அழகா உடையுது?

முகில்_கோட்
சி++ல அன்சைன்ட் இன்ட்ல (மைனஸ் எடுக்காத 32 பிட் முழு எண்) -1 போட்டு பிரிண்ட் பண்ணா 4294967295 வரும்ல, அதாவது 2^32 - 1. சும்மா அதை காரணிப்படுத்திப் பாத்தேன், 3 × 5 × 17 × 257 × 65537னு வருது. ஒவ்வொண்ணுலயும் 1 கழிச்சா 2, 4, 16, 256, 65536!! பத்து இலக்க நம்பர் சும்மாவா இப்படி உடையும், காரணம் யாராச்சும் சொல்லுங்களேன். இதுக்கு மேலயும் இப்படியே போகுமா?

கணக்குப்பிள்ளை
ஸ்கூல்ல படிச்ச a² - b² தான் ப்ரோ. 2^32 - 1 = (2^16 + 1)(2^16 - 1), அந்த ரெண்டாவதை திரும்ப உடைங்க, (2^8 + 1)(2^8 - 1), இப்படியே இறங்குனா 65537, 257, 17, 5, 3 எல்லாம் வரிசையா விழும். ஆனா அந்த அஞ்சுமே பகா எண்ணா இருக்கு பாருங்க, அதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். இந்த வகை எண் (2, 4, 16, 256னு முன்னதை வர்க்கப்படுத்திட்டே போய், ஒவ்வொண்ணோடயும் 1 கூட்டுனா வர்றது) எல்லாமே பகா எண்தான்னு கணித மேதை ஃபெர்மா நம்புனார். அடுத்தது 4294967297, அதை 1732ல ஆய்லர் 641 × 6700417னு உடைச்சுட்டார். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் ஆறாவதா ஒரு பகா எண் கூட சிக்கல.

எண்_பிரியை
641ஐ கால்குலேட்டர் இல்லாமலே சரிபாக்கலாம், பத்தாவது மட்டு எண்கணிதம் போதும். 641 = 5 × 2^7 + 1, அதே 641 = 5^4 + 2^4 (625 + 16). முதல் வரிப்படி 5 × 2^7ஐ 641ஆல வகுத்தா மீதி -1, நாலு தடவை பெருக்குனா 5^4 × 2^28க்கு மீதி 1. ரெண்டாவது வரிப்படி 5^4 இருக்கற இடத்துல -2^4 போட்டுக்கலாம், அப்போ -2^32க்கு மீதி 1, அதாவது 2^32 + 1 மீதியே இல்லாம வகுபடும். எத்தனை தடவை எழுதிப் பாத்தாலும் சலிக்காது எனக்கு.

கவராயம்
முகில், உங்க நம்பருக்கு ஜியாமெட்ரிலயும் இடம் இருக்கு. ஸ்கேலும் காம்பஸும் மட்டும் வச்சு 17 பக்க ஒழுங்கு பலகோணம் வரையலாம்னு கணித மேதை காஸ் 1796ல கண்டுபிடிச்சப்போ அவருக்கு வயசு 18. பக்க எண்ணிக்கை ஒற்றைப்படைன்னா அது வெவ்வேற ஃபெர்மா பகா எண்களோட (மேல சொன்ன வகைல பகா எண்ணா இருக்கறது) பெருக்கலா இருந்தாதான் வரைய முடியும். தெரிஞ்ச அஞ்சை வச்சு மொத்தம் 31 வரும், அதுல பெருசு 4294967295தான்.

அப்புறம் பாஸ்கல் முக்கோணத்துல ஒற்றைக்கு 1, இரட்டைக்கு 0 போட்டு ஒவ்வொரு வரிசையையும் பைனரியா படிச்சுப் பாருங்க. 1 3 3 1 வந்து 1111, அதாவது 15. 1 4 6 4 1 வந்து 10001, அதாவது 17. முதல் 32 வரிசையும் உங்க நம்பரோட 32 காரணிகள்தான், 32வது வரிசைல எல்லாமே 1.

முகில்_கோட்
யப்பா, அந்த பாஸ்கல் விஷயத்துக்கு இப்பவே கோட் எழுதி ஓட விடப்போறேன். ஆர்எஸ்ஏ (தகவலை ரகசியமா பூட்டற முறை) கீல அடுக்கா வழக்கமா போடறதும் இதே 65537தானே, பைனரில ரெண்டே ரெண்டு 1 இருக்கறதால கணக்கு சீக்கிரம் முடியும்னுதான் அதை எடுக்கறாங்க.