ஸ்பானிஷ் பாட்டில் விடுதலை எது, வசவு எது?

கேள்வி (அரைகுறை ஸ்பானிஷ்)
கொடுமையான உறவை உதறிவிட்டுச் சொந்தக் காலில் நிற்கும் பெண்ணின் பாட்டையும், பழைய காதலனைத் திட்டித் தீர்க்கும் பாட்டையும் எப்படிப் பிரிப்பது? பட்டியல்களில் இரண்டும் கலந்தே கிடக்கின்றன. மொழிபெயர்ப்புச் செயலி காலை வாரும் இடங்களையும் சொல்லுங்க.

பழைய கேசட்
பாட்டு யாரைப் பார்த்துப் பேசுது என்று பாருங்க. தமிழ் போலவே ஸ்பானிஷிலும் வினைமுடிவே ஆளைக் காட்டிவிடும். ‘நீ’ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. வரிகளை எழுதி வைத்து ‘தே’ (உன்னை, உனக்கு), ‘து’ (நீ, உன்), இறந்தகால ‘-ஸ்தே’ (நீ செய்தாய்) எல்லாவற்றையும் வட்டமிடுங்க. ஸ்பெயின் பாடகி பெபேயின் ‘மாலோ’ (2004) தொடங்குவதே ‘அபரெசிஸ்தே’, அதாவது ‘நீ வந்து நின்றாய்’ என்று. கொடுமைக்காரனை நேருக்கு நேர் குற்றம் சாட்டும் பாட்டு அது. அதே ஆல்பத்தில் ‘எயா’ கேளுங்க. பெயரே ‘அவள்’. கண்ணிமைக்கு மை போடுகிறாள், தன் சிரிப்பு தனக்கே பிடிக்கிறது. நான் விடுதலை என்று சொல்வது இதைத்தான்.

வினைத்தொகை
வட்டமிடும்போது ஒரு பொறி இருக்கு. ‘எயா’வின் கோரஸிலும் ‘நீ’ நிறைய வரும். அது அவனில்லை, அவளே. படர்க்கையில் தொடங்கி அவளிடமே திரும்பிப் பேசுது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துடுவீங்க.

செயலி சறுக்கும் இடங்கள்: ‘திரார் லா தோவாயா’வைத் துண்டை எறிவது என்று தரும்; தோல்வியை ஒப்புக்கொண்டு ஒதுங்குவதுதான் பொருள். கொலம்பியப் பாடகிகள் கரோல் ஜியும் ஷகீராவும் 2023-இல் பாடிய ‘டி.க்யூ.ஜி.’யின் விரிவு ‘தே கெதோ கிராந்தே’. தொளதொளவென்ற சட்டைக்குச் சொல்வது, இங்கே ‘உன் தகுதிக்கு நான் அதிகம்’. அதே ஆண்டு அர்ஜென்டினா இசைத் தயாரிப்பாளர் பிஸாராப்புடன் ஷகீரா பாடிய பாட்டில் பெண்கள் இனி அழுவதில்லை, ‘ஃபாக்துரான்’ என்று வரும். ‘ஃபாக்துரா’ என்றால் பில். பில் போட்டுக் காசு பார்க்கிறார்கள் என்று குத்தல். முழக்கம் சுதந்திரம்தான், ஆனால் பாட்டில் பாதிக்கு மேல் பழைய காதலனுக்கான அர்ச்சனை.

பழைய கேசட்
சரி, கோரஸை மறந்துட்டேன்.

மெக்சிகோவின் ஹூலியெத்தா வெனெகாஸ் பாடிய ‘மே போய்’ (2006) இரண்டுக்கும் நடுவில். ‘போய்’ என்றால் போகிறேன்; ‘மே’ சேர்ந்தால் இங்கிருந்து கிளம்பிவிடுகிறேன். அந்த ‘மே’யை செயலி விழுங்கிவிடும். வசவு கிடையாது, ‘பாவம், வரேன்’ என்ற தொனி. ஆனால் அன்பு காட்டத் தெரிந்த இன்னொருவன் காத்திருக்கிறான் என்ற நம்பிக்கையோடுதான் கிளம்புகிறாள். தனித்து நிற்கும் பாட்டு என்று அதைச் சொல்ல மாட்டேன்.

வினைத்தொகை
முழுப் பயணமும் வேண்டுமென்றால் ஸ்பெயின் பாடகி ரொசாலியாவின் ‘எல் மால் கெரேர்’ (2018) ஆல்பம். பொறாமைக்காரக் கணவன் மனைவியைக் கோபுரத்தில் அடைக்கும் 13-ஆம் நூற்றாண்டு ஆக்ஸிடன் (தென் பிரான்ஸ் மொழி) கதைதான் மூலம். 11 பாட்டு, 11 அத்தியாயம்: சகுனம், கல்யாணம், பொறாமை என்று போகும். ஷஃபிள் போட்டுக் கேட்டால் கதை போச்சு. கடைசிப் பாட்டில் எந்த ஆணும் தனக்குத் தீர்ப்பு எழுத விடமாட்டேன் என்கிறாள். அந்த அத்தியாயத்தின் பெயர் ‘போதேர்’. பெயர்ச்சொல்லாக ‘அதிகாரம்’, வினையாக ‘முடிதல்’. செயலி ஏதாவது ஒன்றைத்தான் தரும்.