மறு: மறு: ஷிட் ஃப்ளோ டயகிராம் – தமிழ்ச்சொல் வேணும்

எல்லாருக்கும் வணக்கம்.

ஷிட் ஃப்ளோ டயகிராமுக்குத் தமிழ்ல ஒரே ஒரு சொல்லு கேட்டேன், ஒரு வாரத்துல இருபத்திரெண்டு மடல் வந்துருக்கு. அதுல பாதி சொல்லைப் பத்தி இல்ல, 'இதையெல்லாம் இந்தக் குழுவுல எழுதலாமா'ங்கற சண்டை. பரவால்ல, அதுக்கும் சேர்த்தே பதில் எழுதறேன். டீ குடிச்சு முடிச்சுட்டுப் படிங்க.

புதுசா சேர்ந்தவங்களுக்காக: இந்தப் படம் என்னன்னா, ஒரு ஊர்ல நூறு பேர் இருக்காங்கன்னு வெச்சுக்கிட்டு அந்த நூறு பேரோட மலமும் கடைசியில எங்க போய்ச் சேருதுன்னு இடமிருந்து வலமா அம்புக்குறி போட்டுக் காட்டுறது. முதல்ல கழிப்பறை, அதுக்கு அடியில தொட்டியோ குழியோ, அப்புறம் அதைக் காலி பண்றது, கொண்டுபோறது, சுத்திகரிக்கிறது, கடைசியா எங்க விடுறோம்ங்கறது. ஒழுங்கா போய்ச் சேர்ந்தா பச்சை, வழியில நழுவி வாய்க்கால்லயோ தெருவுலயோ கலந்தா சிவப்பு, எத்தனை பேரோ அத்தனை தடிமன். உலக வங்கி ஆளுங்க 12 நகரத்தை எடுத்துப் பாத்த ஆய்வுல டாக்காவோட படம் இருக்கு, பச்சை வெறும் 2 சதவீதம், நூல் மாதிரி தெரியும், மிச்சம் அத்தனையும் சிவப்பு. இத்தனைக்கும் டாக்காவுல வெட்டவெளிக்குப் போறவங்க ரொம்பக் கொஞ்சம், ஏதோ ஒரு கழிப்பறை எல்லாருக்கும் இருக்கு. கழிப்பறை கட்டிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்கறவங்களுக்காகத்தான் இந்தப் படமே.

இப்ப உங்க பரிந்துரைகளுக்கு வரேன்.

> மலப் பாய்வுப்படம். கணினிப் பாடநூல்லயே ஃப்ளோசார்ட்டுக்குப் பாய்வுப்படம்தானே இருக்கு, புதுசா எதுக்கு?

ஐயா, இலக்கணமா பாத்தா குறையே இல்ல. ஆனா பாயறதுன்னா தண்ணி பாயணும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புல இந்திய நகரங்கள்ல பாதாள சாக்கடைல சேர்ந்த வீடு 32.7 சதவீதம், செப்டிக் டேங்க் வெச்ச வீடு 38.2 சதவீதம். அதாவது நம்ம ஊர்கள்ல நிறைய மலம் பாயறதே இல்ல, வருசக்கணக்கா ஒரே இடத்துல கிடக்குது, அப்புறம் லாரியில ஏறிப் போகுது. திருச்சியில லாரிக்காரங்க வீடு வீடா எடுத்து மாநகராட்சி நீரேற்று நிலையத்துல ஊத்துவாங்க, அங்கேர்ந்து பைப்புல பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். இது ஒழுங்கா நடக்குற வழி. ஒழுங்கா நடக்காத வழியில ராத்திரி ஊருக்கு வெளிய ஏதாவது ஓடைல வால்வைத் திறந்து விட்டுட்டு வந்துடுவாங்க. ரெண்டுலயும் 'பாய்வு' எங்க இருக்கு? குழாய் போட்டா எல்லாம் பாஞ்சு போயிடும்னு கற்பனை பண்ணிக்கறதுதான் திட்டம் போடறவங்க பண்ற தப்பு, அதையே நாம சொல்லுல கொண்டுவந்து வெக்கணுமா?

> மலப்போக்குப் படம்

இதை எங்க வார்டு நர்ஸ் அக்காகிட்ட சும்மா சொல்லிப் பாத்தேன், 'எத்தனை தடவை போச்சு'ன்னு கேட்டாங்க. விட்டுடலாம்.

> கழிவோட்ட வரைபடம்னு வைங்க, நாகரிகமா இருக்கும். பத்திரிகைல போடறதுக்கும் கூச்சம் இருக்காது.

இதுக்குத்தான் நீளமா எழுத வேண்டியிருக்கு. முதல் சிக்கல், கழிவுன்னா எல்லாமே கழிவு. மக்கும் கழிவு, மக்காத கழிவுன்னு காலைல குப்பை வண்டி கூவிட்டுப் போகுது, மருத்துவக் கழிவு, மின்கழிவு, சாயப்பட்டறைக் கழிவு. கழிவுநீர்னு சொன்னாலோ பாத்திரம் கழுவுன தண்ணியும் அதுல சேர்ந்துடும். ரெண்டாவது, இங்கிலீஷ்காரன் மலத்துக்கு நாகரிகமா எக்ஸ்க்ரீட்டான்னு சொல்லத் தெரியாமயா ஷிட்னு வெச்சான்? வேணும்னேதான் வெச்சிருக்கான், மீட்டிங்ல மேயர் நிமிந்து பாக்கணும்னு. (இப்ப சில அறிக்கைல அதுக்கும் வெக்கப்பட்டு எக்ஸ்க்ரீட்டான்னு மாத்திக்கறாங்க, அது வேற கதை.)

போன மாசம் திருச்சியில உய்யகொண்டான் வாய்க்கால் ஓரமா இருக்குற ஒரு குடிசைப் பகுதில இந்தப் படத்தைச் சார்ட் பேப்பர்ல வரைஞ்சு எடுத்துட்டுப் போனோம். பெண்கள் சுயஉதவிக் குழு நடத்துற கட்டணக் கழிப்பிடத்து வாசல்ல ஒட்டுனோம், தலைப்பு 'கழிவு மேலாண்மை நிலவரம்'. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. சீட்டு கிழிக்கிற பாட்டி மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எழுத்துக்கூட்டிப் படிச்சாங்க, 'குப்பைத் தொட்டி வெக்கப் போறீங்களா'ன்னு கேட்டாங்க. இல்ல பாட்டி, கக்கூஸ்ல போறது எங்க போகுதுன்னு போட்டிருக்குன்னேன். 'அப்ப பீன்னு எழுதேன், அதுக்கு என்ன இவ்ளோ சுத்தி வளைச்சு' அப்படின்னாங்க. அப்புறம் அவங்களே ரெண்டு பொம்பளைங்களைக் கூப்புட்டு சிவப்பு அம்பைக் காட்டி விளக்கம் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, நான் ஓரமா நின்னேன். அந்தத் தெருவுல புதுசா கட்டுன வீடுகள்ல செப்டிக் டேங்க்னு சொல்றது பெரும்பாலும் அஞ்சாறு சிமெண்டு உறை இறக்குன குழிதான், உறிஞ்சு குழிக்கு இடமே இல்லாததால மேல நிக்கிற தண்ணியை ஒரு பிவிசி பைப்பு நேரா சாக்கடைக்குக் கொண்டுபோய் விட்டுடுது, சாக்கடை வாய்க்காலுக்கு. பைப்பு வாயில துணி கட்டியிருந்தாங்க, நாத்தத்துக்கா எலிக்கான்னு தெரியல.

அதனால கூச்சப்படற உரிமை யாருக்கு இருக்குன்னு எனக்கு ஒரு கேள்வி இருக்கு. பட்டனை அமுக்குனதும் மறைஞ்சுடற வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் 'கழிவு' போதும். பாட்டி சொன்ன சொல்லையே வெச்சா எனக்குச் சம்மதம், ஆனா மாநகராட்சி கோப்புல அது ஏறாதுன்னு தெரியும். மலம்னாவது இருக்கட்டும். ஏற்கனவே மலக்கசடு மேலாண்மைன்னு அரசாங்கமே எழுதிப் பழகியாச்சு. தமிழ்நாட்டுல செப்டேஜ், அதாவது செப்டிக் டேங்க் கசடு, அதுக்கான வழிகாட்டுதல் 2014ல வந்தது, அடுத்த வருசமே திருச்சியையும் கோவை பக்கத்துல பெரியநாயக்கன்பாளையம், நரசிம்மநாயக்கன்பாளையத்தையும் எடுத்து நகர்ப்புற சுகாதாரத் திட்டம் ஆரம்பிச்சாங்க. (கசடுன்னா குறள்ல குற்றம்னு பொருள்னு ஒருத்தர் ஆட்சேபிச்சிருந்தார். எண்ணெய்ச் சட்டி அடியில இருக்கறதும் கசடுதாங்க.)

> படத்துக்குள்ள வர்ற படிகளுக்கு: அடக்கம், கசடெடுப்பு, கொண்டுசெல்கை...

அடக்கம் வேண்டவே வேண்டாம். 'மலம் அடக்கம்'னா ஒண்ணு பஸ்ல போறவன் படற பாடு, இல்ல சுடுகாடு. தேக்கம்னு வெச்சுக்கலாம், தொட்டில தேங்கறதுதானே.

தொட்டியைக் காலி பண்றதுக்குக் கசடெடுப்பு காதுக்கு நல்லா இருக்கு, ஆனா என்னால ஏத்துக்க முடியல. எடுப்புக் கக்கூஸ்னு ஒண்ணு இருந்தது ஞாபகம் இருக்கா? கக்கூஸ் டச்சுக்காரன் கொடுத்துட்டுப் போன சொல்லு, 'எடுப்பு' நாம சேர்த்தது. எங்க அம்மாச்சி வீட்டுக்குப் பின்னாடி ஒரு சந்து இருந்துச்சு, ரெண்டு ஆள் ஒதுங்க முடியாத அகலம், அந்தச் சந்து வழியா வந்து தகரத்தை இழுத்து அள்ளிட்டுப் போவாங்க. யார் வந்தாங்க, எந்தச் சாதின்னு இங்க யாருக்கும் சொல்லத் தேவையில்ல. அந்தம்மாவுக்கு வீட்டுல பேரே கிடையாது, 'எடுக்கறவ வந்துட்டாளா'ன்னுதான் கேப்பாங்க. 2013ல சட்டம் போட்டுத் தடை பண்ணியும் இன்னிக்கும் செப்டிக் டேங்குல இறங்கி விஷவாயு தாக்கிச் சாவறாங்க. அந்த 'எடுப்பை' ஒரு கலைச்சொல்லுக்குள்ள மறுபடி உக்கார வெக்க எனக்கு மனசு வரல. லாரிக்காரங்களைக் கேட்டா ஓஸ் போட்டு இழுக்கறதுங்கறாங்க, ஒரு நடை ரெண்டு நடைன்னு கணக்கு. நான் சொல்றது கசடிறைப்பு. தண்ணி இறைக்கறோம்ல, மோட்டார் இறைக்குது, அந்த இறைப்பு. ஆள் உள்ள இறங்கறது அந்தச் சொல்லுல வராது.

சரி, படத்துக்கு என் பரிந்துரை மலத்தடப் படம். தடம்னா வழி, பஸ்ஸுக்குத் தடம் எண் இருக்குற மாதிரி. கொங்குப் பக்கம் இன்னிக்கும் ரோட்டைத் தடம்னுதான் சொல்றாங்க. லாரியில போனாலும் தடம், பைப்புல போனாலும் தடம், வாய்க்கால்ல கலந்தாலும் அது விட்டுட்டுப் போற தடம் இருக்கும்.

---

மேல எழுதுனதுக்கு ராத்திரியே மூணு பதில் வந்துடுச்சு, சேர்த்து எழுதிடறேன். மலவழின்னு சொன்னவங்களுக்கு, அது ஆசனவாய்ங்க. மலத்தடம்னு போன்ல பேசி டைப் பண்ணினா 'மலைத்தடம்'னு விழுதுன்னு ஒரு நண்பர் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பியிருக்கார், நானும் பண்ணிப் பாத்தேன், எனக்கும் அப்படித்தான் விழுந்துச்சு, ஏதோ ட்ரெக்கிங் போற மாதிரி. இது நெஜமாவே குறைதான். பேச்சுல மலைய 'மல'ன்னுதானே சொல்றோம், அதனால வாசல் சார்ட்டுக்கு மட்டும் வேற தலைப்பு போட்டுக்கறோம்: 'நம்ம பீ எங்க போகுது?' அறிக்கைக்குள்ள மலத்தடப் படம். கசடிறைப்புக்கு இதைவிட நல்ல சொல் இருந்தா வியாழக்கிழமைக்குள்ள சொல்லுங்க, வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது.