தண்டர்பேர்டிலிருந்து சாதா செல்போனுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப முடியுமா?

டல்லாஸ்_மாலதி:
இங்கே அமெரிக்காவில், டல்லாஸில் பிள்ளைகளோடு தங்கியிருக்கும் நம் ஊர்ப் பெரியவர்கள் மாதம் இருமுறை கூடுகிறார்கள். இடம், நேரம் சொல்வது என் பொறுப்பு. நாற்பது பேர் வரை இருப்பார்கள், பாதிப் பேரிடம் மடக்குகிற ஃபோன்தான், வாட்ஸ்அப் கிடையாது. கணினியில் மெயில் பார்க்க தண்டர்பேர்ட் என்ற மென்பொருளை வைத்திருக்கிறேன், எல்லாருடைய எண்ணும் அதன் முகவரிப் புத்தகத்தில் இருக்கிறது, அங்கிருந்தே மெயில் போட்டால் எஸ்எம்எஸ்ஸாகப் போகும் என்கிறார்களே, எப்படி? தமிழிலேயே அனுப்ப ஆசை.

குறிஞ்சி:
ஒரு காலத்தில் நன்றாகவே போனது. பத்து இலக்க எண், @ குறி, பிறகு அவர்களுடைய ஃபோன் நிறுவனத்தின் மெயில் முகவரி. ஏடி அண்ட் டி என்றால் டிஎக்ஸ்டி டாட் ஏடிடி டாட் நெட். அதை அவர்கள் 2025 ஜூன் 17-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். வேறு நிறுவனத்துக்குப் போகிறதென்றாலும் இதை நம்பாதீர்கள். ஸ்பேம் என்று நடுவில் தடுத்துவிட்டால் உங்களுக்குத் தகவலே வராது, இடம் மாறியது தெரியாமல் வயதானவர்கள் போய் நின்றால் என்ன செய்வது? அப்புறம், எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறலாம் என்பதால் யாருக்கு எந்த முகவரி என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பொத்தான்_ஃபோன்:
மெயிலை விடுங்கள். ஆண்ட்ராய்டு ஃபோன் இருந்தால் கூகுள் மெசேஜஸ் என்ற எஸ்எம்எஸ் செயலியின் இணையப் பக்கத்தைக் கணினியில் திறந்து ஃபோனோடு இணைத்துக்கொள்ளுங்கள், விசைப்பலகையில் தட்டினால் உங்கள் எண்ணிலிருந்தே சாதாரண எஸ்எம்எஸ்ஸாகப் போகும். முதலில் ஃபோனில் அந்தச் செயலியின் அமைப்புகளில் குழுச் செய்தி என்ற இடத்துக்குப் போய், எல்லாருக்கும் தனித்தனி எஸ்எம்எஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் குழு எம்எம்எஸ்ஸாகப் போய், ஒருவர் ‘சரி’ என்று பதில் போட்டால் அத்தனை பேர் ஃபோனும் அலறும்.

குறிஞ்சி:
தமிழ் பற்றி. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம், தமிழில் 70 தான். அதிலும் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனியாக இடம் பிடிக்கும், ‘வணக்கம்’ என்ற ஐந்தெழுத்துக்கே 7 இடம் போய்விடும். அதற்கு மேல் போனால் துண்டு துண்டாக உடைத்து அனுப்பும். அதைவிட முக்கியம், அந்த ஃபோன்களில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள்தான் தெரியும். ஒரே ஒருவருக்கு அனுப்பிப் பாருங்கள், தெரியவில்லை என்றால் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவதே நல்லது. வேர்டிலிருந்து வெட்டி ஒட்டாதீர்கள், வளைந்த மேற்கோள் குறி ஒன்று வந்தாலே 160 இடம் 70 ஆகிவிடும்.

டல்லாஸ்_மாலதி:
ரொம்ப நன்றி. என்னுடையது ஐஃபோன், பையனின் பழைய ஆண்ட்ராய்டு சும்மா கிடக்கிறது, அது போதுமா?

பொத்தான்_ஃபோன்:
தாராளமாக, எஸ்எம்எஸ் உள்ள மலிவான சிம் ஒன்று போடுங்கள். புது எண்ணை எல்லாருக்கும் முதலில் ஃபோன் செய்து சொல்லிவிடுங்கள், தெரியாத எண் என்றால் மோசடி என்று நினைத்து அழித்துவிடுவார்கள்.