சம்பளம் ஒண்ணுதானே, அப்புறம் ஆம்பளைக்கு என்ன சலுகை?

கவ்வாத்துக்காரன்:
ஹட்டன்ல ஒரு பயிலரங்குக்குப் போயிருந்தேன். பேச வந்தவங்க, "ஆணாப் பிறந்ததே ஒரு சலுகை"ன்னாங்க. சுருக்குன்னு வந்துச்சு. 1984லேயே நம்ம இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல ஆம்பளை, பொம்பளை ரெண்டு பேருக்கும் ஒரே சம்பளம் ஆயிடுச்சு. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுற கத்தி பிடிச்சு கை காய்ச்சுப் போனவன் நான். தோட்டத்தை நடத்துற தொரை வண்டி வந்தா ஓரமா ஒதுங்கி நிக்கிறவன். எனக்கு என்ன சலுகை?

மஸ்கெலியா டீச்சர்:
சம்பளம் ஒண்ணு சரி அண்ணே, நேரம் ஒண்ணா? அன்னிக்குக் குடுத்த கவ்வாத்துக் கணக்கு முடிஞ்சா மத்தியானமே பீலித் தண்ணியில குளிச்சிட்டு கேரம் போர்டுக்குப் போயிடலாம். கொழுந்து எடுக்குறவங்க சாயந்திரம் வரைக்கும் மலையில. இடுப்புல கட்டின படங்கு நனைஞ்சு கால்ல ஒட்ட, கூடையோட நிறுவைக்கு வரிசையில நிக்கணும். ஈரம்னு கிலோ கழிக்கிறவரும் ஆம்பளை. அப்புறம் பிள்ளை மடுவத்துல விட்டுட்டு வந்த குழந்தை, விறகு, அடுப்பு. தினமும் பார்க்குறதுதான். பழகிட்டதால கண்ணுல படுறதில்ல.

தலவாக்கலைத் தம்பி:
எங்கம்மாவையே கேட்டேன் டீச்சர். "எனக்கு ஒரு கொறையும் இல்லடா"ன்னு சொல்லிட்டாங்க. அவங்களுக்கே இல்லாத கவலை நமக்கு எதுக்கு?

மஸ்கெலியா டீச்சர்:
சரி, "பொம்பளைங்களுக்கு அநியாயம் நடக்குதா"ன்னு பொதுவாக் கேட்டுப் பாருங்க தம்பி. அதுக்கு ஆமான்னு சொல்லலாம். ஃபேய் கிராஸ்பிங்குற உளவியலாளர் அமெரிக்காவுல வேலைக்குப் போற பெண்கள்கிட்ட இதைத்தான் பார்த்தாங்க. 1982ல புத்தகமாவே வந்துச்சு. ஒரே தரத்து வேலைக்கு ஆம்பளைங்களை விடக் கொறைஞ்ச சம்பளம். பெண்களுக்கு அநியாயம் நடக்குதுன்னும் தெரியும். ஆனா "எனக்கு நடக்கல"ன்னாங்க. தனக்குன்னு ஒத்துக்கிட்டா யாரோ ஒருத்தரைக் கைகாட்டணும். அது வீட்டுக்காரரா, கங்காணியான்னு வந்துடும். நாளைக்கும் அவங்க மூஞ்சியிலதானே முழிக்கணும்?

கவ்வாத்துக்காரன்:
அமெரிக்காக்காரி கதையை நம்ம லயத்து வீட்டுக்குக் கொண்டு வராதீங்க. 1948ல நம்ம மலையகத்து ஆளுங்க குடியுரிமையைப் பறிச்சப்போ ஆம்பளை பொம்பளைன்னு பார்த்தா பறிச்சாங்க? நாமெல்லாம் ஒரே மிதி வாங்கினவங்க. இப்போ வந்து என்னை மட்டும் மிதிச்சவன் பக்கம் நிறுத்துறீங்க.

தலவாக்கலைத் தம்பி:
அண்ணன் கோவத்துல ஒரு நியாயம் இருக்கு. பிலிப்ஸ், லோவரின்னு ரெண்டு பேர் 2015ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு படிச்சேன். வெள்ளைக்காரங்களுக்கு இருக்குற சலுகையை எடுத்துச் சொன்னதும், "நானும் ரொம்பக் கஷ்டப்பட்டவன்"னு அவங்க கூடுதலாச் சொல்ல ஆரம்பிச்சாங்களாம். நிறத்தைப் பத்தின ஆய்வுதான். ஆனா நெசமாவே கஷ்டப்பட்டவன்கிட்ட எடுத்த எடுப்புல சலுகைன்னா, "நீ பட்டது ஒண்ணுமில்ல"ன்னுதான் காதுல விழும். பயிலரங்குல அப்படிப் பேசியிருக்க வேணாம்.

கொழுந்துக்காரி மகள்:
பேசின விதம் கெடக்கட்டும். மேதினத்துக்கு மேடை போட்டு "எங்கள் தாய்மார், மலையகத்தின் முதுகெலும்பு"ன்னு கை தட்டுறாங்களே, அந்த மேடையில உக்காந்திருக்கிறது யாரு? கிளிக், ஃபிஸ்க்குன்னு ரெண்டு உளவியலாளர்கள் 1996லேயே இதைப் பிரிச்சுக் காட்டிட்டாங்க. பொம்பளையை வெறுக்கிற ஆணாதிக்கம் ஒண்ணு. தாயி, தெய்வம்னு தாங்கிப் பிடிச்சு ஒரு இடத்துலயே உக்கார வைக்கிறது இன்னொண்ணு. பிறகு 19 நாட்டுல பார்த்தா, ரெண்டும் சேர்ந்தேதான் இருந்துச்சு. திட்டினா எதுத்துப் பேசலாம். கும்பிடுறவன்கிட்ட எப்படிச் சண்டை போடுறது?

கவ்வாத்துக்காரன்:
அடேங்கப்பா, புகழ்ந்தாலும் குத்தமா? உங்க தெம்புக்குத் தகுந்த வேலையைத்தானே குடுத்திருக்கு. நாள் பூரா கவ்வாத்துக் கத்தி வீசுவீங்களா?

கொழுந்துக்காரி மகள்:
எங்கம்மா கூடை நெறையக் கொழுந்தோட வழுக்குப் படியில ஏறி இறங்குறாங்க அண்ணே. கத்தியைக் குடுங்க, பழகிக்குவாங்க. நீங்க கூடையை மாட்டிக்கிட்டு சாயந்திரம் நிறுவைக்கு வாங்க. சோத்தையும் நீங்களே வடிச்சிடுங்க.

மஸ்கெலியா டீச்சர்:
எந்த மலையில நிறுவைன்னு சொல்லுங்க, நானும் பார்க்க வர்றேன்.