மீன் எண்ணெய் மாத்திரை: பலன் உண்டா, பணம்தான் போகிறதா?

வேளிமலைக்காரன்:
தக்கலைப் பக்கம் இப்போது சத்து மாத்திரை டப்பா இல்லாத வீடே இல்லை. மீன் எண்ணெய், மல்டிவைட்டமின், முடிக்கு பயோட்டின். தெருவில் ஒருவர் ஆள் சேர்த்து விற்கும் கம்பெனியில் சேர்ந்துவிட்டால் சொந்தபந்தம் எல்லாம் முகதாட்சணியத்துக்கு வாங்கியே தீரவேண்டும். உடம்பில் குறை ஒன்றும் இல்லாதவனுக்கு இதனால் என்ன பலன்? ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. அமெரிக்காவில் 'வைட்டல்' என்ற ஆய்வில் ஏறக்குறைய 26,000 பேரை வைத்து வைட்டமின் டி, மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 கொழுப்பு இரண்டையும் 5 வருடத்துக்கு மேல் சோதித்தார்கள். 2018-இல் முடிவு வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய்ச் சாவு எல்லாம் சேர்ந்த கணக்கு குறையவில்லை. புற்றுநோயும் குறையவில்லை.

நலமே வளம்:
அண்ணாச்சி பாதியைத்தான் சொல்கிறார். அதே ஆய்வில் மாரடைப்பை மட்டும் தனியாக எடுத்தால் மீன் எண்ணெய் சாப்பிட்டவர்களுக்குக் குறைவு. நான் இதை விற்கிறேன், மறைக்கவில்லை. எனக்கே மூட்டுவலி போயிருக்கிறது. இந்தக் காலத்துச் சாப்பாட்டில் சத்து எங்கே இருக்கிறது? இயற்கையான பொருள், பக்கவிளைவு கிடையாது. டப்பாவில் மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கொடுத்த எண்ணும் இருக்கிறது.

குளச்சல் கடப்புறம்:
மாரடைப்புக் கணக்கு சரிதான். ஆனால் அந்த ஆய்வில் யாருக்கு அதிகப் பலன் தெரிந்தது? மீன் குறைவாகத் தின்றவர்களுக்கு. அமெரிக்காக்காரன் வாரத்தில் ஒருநாள் மீனைப் பார்த்தால் அதிசயம். இங்கே மரச்சீனிக்கிழங்கு வெந்தால் பக்கத்தில் சாளை (மத்தி மீன்) கறி இல்லாமல் இறங்குமா? எங்களிடம் வந்து மீன் எண்ணெய் விற்கிறீர்களே, கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான்.

டப்பாவைத் திருப்பி, பின்னால் உள்ள பொடி எழுத்தை வாசியுங்கள். முன்பக்கம் பெரிதாக 1000 மில்லிகிராம். பின்பக்கம் இபிஏ 180, டிஹெச்ஏ 120; இந்த இரண்டும்தான் ஒமேகா-3. கடையில் அதிகம் கிடைப்பது இந்தக் கணக்குதான். ஆக வேலை செய்யும் சரக்கு 300, மீதி வேறு கொழுப்பு. 100 கிராம் சாளையில் 1 கிராமுக்கு மேலேயே கிடைக்கும். ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்கவேண்டாம். தடை விசைப்படகுக்குத்தான், வள்ளம் போகும்.

நலமே வளம்:
கடப்புறத்துக்காரர் பேசுவார். பேச்சிப்பாறை மேலே ரப்பர் வெட்டப் போகிறவனுக்கு தினமும் நல்ல மீன் வருமா? சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வார்கள்?

மார்த்தாண்டம் மருந்தாளர்:
சைவக்காரர்களுக்கு மீன் எண்ணெய் கொடுப்பீர்களா என்ன! சரி, அவர்கள் பார்க்கவேண்டியது பி12. அது இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான் இருக்கிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் எடுப்பவர்களுக்கும் பி12 குறையும். கால் மரத்துப்போவதை எல்லாம் சர்க்கரையின் தலையில் கட்டிவிடுவார்கள். குறை கண்டுபிடித்து பி12 கொடுத்தால் பலன் உண்டு.

அதனால் வேளிமலை அண்ணாச்சி சொல்வதையும் அப்படியே ஏற்கமாட்டேன். மாத்திரை என்றாலே ஏமாற்று என்று பேசினால் கர்ப்பிணிகள் ஃபோலிக் அமிலத்தையும் தூக்கிப்போடுவார்கள். 1991-இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு என்ன சொல்கிறது? முந்தைய குழந்தைக்கு நரம்புக்குழாய்க் குறை (கருவில் மூளையும் தண்டுவடமும் சரியாக உருவாகாத பிறவிக்குறை) இருந்த தாய்மாருக்கு, கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் கொடுத்ததில் அது மறுபடி வருவது 72 சதவீதம் குறைந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று கொடுக்கிற நீல மாத்திரையும் இரும்பும் ஃபோலிக் அமிலமும்தான். அதைச் சாயாவோடு விழுங்காதே என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

வேளிமலைக்காரன்:
அக்கா, அதெல்லாம் குறை இருப்பவருக்கும் தேவை இருப்பவருக்கும் கொடுக்கிற மருந்து. நான் குறையே இல்லாதவனைப் பற்றித்தான் கேட்டேன். அப்புறம், பக்கவிளைவு இல்லையாமே? ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்கு மேல் வைத்து நடந்த ஆய்வு, 1994. பீட்டா கரோட்டின் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று நினைத்தார்கள். 18 சதவீதம் கூடியது. கேரட்டில் இருக்கும் அதே சாமான்தான்.

மார்த்தாண்டம் மருந்தாளர்:
வைட்டமின் இ-யும் அப்படியே. 2011-இல் வந்த முடிவில் ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதல். பயோட்டின் அதிகம் எடுத்தால் தைராய்டு, மாரடைப்பு ரத்தப் பரிசோதனைகளே தப்பாக வரும். நலமே வளம் அண்ணன் எஃப்எஸ்எஸ்ஏஐ எண்ணைக் காட்டுகிறார். உணவுப் பொருளாக விற்க அனுமதி என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அதே டப்பாவில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்குமே, அதை வாங்குகிறவர்களுக்கு வாசித்துக் காட்டினீர்களா?

நலமே வளம்:
கம்பெனி கூட்டத்தில் டாக்டரே வந்து பேசினார். எனக்கு மூட்டுவலி போனது போனதுதான்.

குளச்சல் கடப்புறம்:
மூட்டுவலி மழைக்கு வரும், வெயிலுக்குப் போகும். மாத்திரை நடுவில் வந்து பெயர் வாங்கிக்கொள்ளும்.

மட்டிப்பழம்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அம்மாவுக்கு வைட்டமின் டி 60,000 யூனிட் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். நல்லதுதானே என்று தினமும் ஒன்று போடுகிறாள். இதிலும் கெடுதல் உண்டா?

மார்த்தாண்டம் மருந்தாளர்:
மக்களே, அது சாதாரணமாக வாரம் ஒன்றுதான். இன்றைக்கே நிறுத்துங்கள். அம்மாவுக்கு அதிகத் தாகம், குமட்டல், மலச்சிக்கல், சோர்வு ஏதாவது உண்டா? இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாளைக் காலையில் டாக்டரிடம் கூட்டிப்போய், ரத்தத்தில் கால்சியமும் சிறுநீரகமும் பார்க்கச் சொல்லுங்கள். காலி அட்டைகளையும் எடுத்துப் போங்கள், எத்தனை உள்ளே போயிருக்கிறது என்று அவர் எண்ணிப்பார்க்கட்டும்.